உறுதித் தெரு

சகாயராணி தேர்தலில் நின்றது பதவி ஆசையில் இல்லை. அவளுக்கு ஒரு பாலம் வேண்டும். கார் போகிற பாலம்கூட வேண்டாம். மனுஷர் நடந்து போக இந்தப் பக்கம் ஒரு படிக்கட்டு, அந்தப் பக்கம் ஒரு படிக்கட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பதினோரு வருஷமாக உப்போடைத் தெரு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. மணற்பாக்கம் மாநகராட்சியும் பதினோரு வருஷமாக "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தது. பரிசீலனை என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரு இருக்கிற இடம் அப்படி. பின்னால் உப்போடை. முன்னால் துறைமுகத்துக்குப் போகிற ஆறு தண்டவாளங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போனால் ஐந்து கிலோமீட்டர். டிரைவர் ஓட்டிய காலத்தில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும், வருவதற்கு முன்பே தரை அதிரும். இப்போது ஓடுவதெல்லாம் ஆளில்லாத மின்சாரச் சரக்கு வண்டி. டிரைவர் கிடையாது, ஹாரன் கிடையாது, தும்முகிற சத்தம்கூடக் கிடையாது. தெருவில் அதற்கு ஊமை வண்டி என்று பெயர். வளைவில் அதன் மூக்கு தெரிந்தால், இருபது எண்ணுவதற்குள் நம் தலைமேல் நிற்கும்.

அதனால் தெருக்காரர்கள் தாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். யாரும் தனியாகக் கடக்கக் கூடாது. வேலித் திறப்பருகே நாற்பது ஐம்பது பேர் சேரும்வரை நிற்க வேண்டும். செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும்; போனைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வளைவுக் கம்பத்தடியில் ஒருவர் நின்று, பாதை காலி என்றால் துண்டைத் தூக்கிக் காட்டுவார். அன்றைய முறைக்காரர் அதைப் பார்த்து "வா!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். உடனே கையைக் கோத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் இறங்கிவிடும். இறங்கிய பிறகு நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, பக்கத்து ஆள் வருகிறாரா என்று பார்க்கவும் கூடாது. நடுவில் ஒருத்தர் தயங்கினால் கோத்த கைகள் எல்லாம் தயங்கிவிடும்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் போன மார்கழியில் செங்கமலம் போய்விட்டாள். இட்லி மாவு விற்கிறவள். கடைக்காரர் அவசரப்படுத்தினார் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கினாள். பதினோரு வருஷத்தில் அது நாலாவது சாவு. சகாயராணி ஜாக்கெட் தைக்கிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய்ப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய மகள் பெனிட்டாவுக்குப் பத்தொன்பது வயது; அந்தப் பக்கம் நர்சிங் கல்லூரியில் படிக்கிறாள். தினம் காலை ஏழு மணிக்கு மகள் அக்கரையில் ஏறி நின்று கையை ஆட்டும்வரை சகாயராணிக்கு ஊசியில் நூல் நுழையாது.

செங்கமலத்தின் மகன் தயாபரன் வீட்டைக் காலி செய்ய வந்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. அவன் டவுனில் 'துலா' கம்பெனியில் என்ஜினீயர். துலாவைத் தெரியாதவர் அன்றைக்கு யாருமில்லை. யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லுகிற மெஷின். மூன்று தேர்தலாகப் பத்து ஓட்டு இருபது ஓட்டு வித்தியாசத்தில் அப்படியே சொல்லிவிட்டது. ஜனங்கள் வானிலை பார்ப்பதுபோல அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"சகாயம் அக்கா, பாலம் ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும். சொன்னா திட்டக் கூடாது."

"திட்டுறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கிறேன். நீ சொல்லு."

அவன் போனில் ஒரு வரைபடத்தைத் திறந்தான். அவர்களுடைய முப்பத்தோராம் வார்டு. தெருவுக்குத் தெரு கலர் அடித்திருந்தது. சில தெரு பச்சை, சில தெரு மஞ்சள். உப்போடைத் தெரு மட்டும் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கெட்டியான ஊதா.

"நம்ம தெரு ஊதாக் கட்சிக்குத் தொண்ணூத்தெட்டு சதவீதம். இதுக்கு உறுதித் தெருன்னு பேரு."

"இருக்கட்டுமே. பட்டா வாங்கிக் கொடுத்தது அவங்கதானே? பச்சைக்காரங்க அன்னிக்கு புல்டோசரோட வந்தாங்கன்னு என் மாமனார் சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. நாங்க எப்படி மாத்திப் போடுவோம்?"

"அதேதான் அக்கா. ஊதாக்காரங்களுக்கு உங்க ஓட்டு எப்படியும் வந்துரும். பச்சைக்காரங்களுக்கு எப்படியும் வராது. அப்புறம் எவன் உங்களுக்கு ஒரு செங்கல் வைப்பான்? எந்த வேலையை எங்க செய்யணும்னு ரெண்டு கட்சியும் இந்தப் படத்தை வச்சுத்தான் முடிவு பண்றாங்க. மஞ்சள் இருக்கு பாருங்க, அது இப்படியா அப்படியான்னு ஆடிக்கிட்டிருக்கிற தெரு. எல்லாம் அங்கதான் போகும்."

சகாயராணி படத்தில் விரலை வைத்தாள். தபால்காரத் தெரு. மஞ்சள். மூன்று வருஷத்தில் நாலு முறை ரோடு போட்ட தெரு அது. போட்ட ரோட்டைத் தோண்டி மறுபடியும் போட்டார்கள்.

"அடப்பாவிங்களா! அப்போ நாங்க விசுவாசமா இருந்ததுக்குத்தான் இந்த தண்டனையா?"

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான். "இதுல ஒரு சின்னப் பகுதி நான் எழுதினதுக்கா. அம்மா செத்த மறுநாள் இந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். தெருவுல மொத்த ஓட்டு அறுநூத்து நாப்பத்தொண்ணுலேருந்து அறுநூத்து நாப்பதா ஆயிருந்துச்சு. தொண்ணூத்தெட்டு சதவீதம் மட்டும் அப்படியே இருந்துச்சு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். சகாயராணிக்குத் திட்ட மனசு வரவில்லை. அவன் தோளில் கை வைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

அழுது முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "மூணாவதா ஒருத்தருக்குப் போட்டா?"

"யாருக்கு?"

"எவனோ ஒருத்தனுக்கு. ஜெயிக்காதவனுக்கு."

தயாபரன் மூக்கைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "போட்டா ஊதா உறுதி போயிரும். ஆனா போடணும்கா. போடப்போறோம்னு சொன்னாப் போதாது."

மாநகராட்சித் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. எளியோர் முன்னணி என்று ஒரு கட்சி. சின்னம் முக்காலி. மாவட்டச் செயலாளர் கோதண்டபாணி, ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். மாவட்டத்தில் அந்தக் கட்சிக்கு மொத்தம் ஏழு உறுப்பினர்; அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒன்பது தேர்தலில் ஆள் நிறுத்தி ஒன்பதிலும் டெபாசிட் இழந்தவர் அவர். சகாயராணி போய், "நான் நிக்கிறேங்க" என்று சொன்னதும் மனுஷர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, எங்களைத் தேடி ஒரு வேட்பாளர் வர்றது இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் நாங்கதான் வீடு வீடாத் தேடிக்கிட்டுப் போவோம். போனா கதவைச் சாத்துவாங்க."

"ஜெயிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் வர்றேன்."

"அந்தத் தகுதி நம்ம கட்சியில எல்லாருக்கும் இருக்கு" என்றார் கோதண்டபாணி. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பெருமையாகச் சொன்னார்.

பிரச்சாரம் ஆரம்பமானது. அவளுடைய கணவன் அந்தோணி ஆட்டோவின் கூரையில் ஒரு மர முக்காலியைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினான். தெருவில் சுவருக்குச் சுவர் முக்காலி வரைந்தார்கள். பிள்ளைகள் முக்காலிப் பாட்டு கட்டினார்கள். தெருவே திமிறி எழுந்துவிட்டதுபோல இருந்தது. பத்து நாள் கழித்துத் தயாபரனிடம், "இப்போ என்ன சொல்லுது உன் மெஷின்?" என்று ஆசை ஆசையாகக் கேட்டாள்.

"ஊதா தொண்ணூத்தேழு."

"என்னடா இது! தெரு பூரா முக்காலிதானே தெரியுது? அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க மிரட்டிப் பார்க்கிறீங்கன்னு நினைக்குது. வாயால சொல்றதை அது எடுத்துக்காது அக்கா. கூட்டத்துல கை தட்டிட்டு வீட்டுக்கு வந்ததும் போன்ல எதைப் பார்க்கிறாங்க, எந்த வீடியோவை நிறுத்திக் கேட்கிறாங்க, போன மூணு தேர்தல்ல என்ன செஞ்சாங்க, அதைத்தான் பார்க்கும். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா எடுத்துக் கணக்குப் போடும். அப்படிப் பார்த்தா நிஜமா முக்காலிக்குப் போடப்போறது பதினோரு பேர்."

பதினோரு பேர்! தன் வீட்டில் மூன்று, கோதண்டபாணியின் ஆட்கள் வார்டில் நாலு. அப்படியானால் அறுநூற்று நாற்பது பேர் உள்ள தன் தெருவில் பக்கத்து வீடு, எதிர் வீடு சேர்த்து நாலு பேர்தானா? அன்று சகாயராணி தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைக்க ஒரு மணி நேரம் ஆனது.

அதைவிடப் பெரிய கொடுமை இன்னொன்று. துலா ஒவ்வொருவர் போனிலும் 'உங்கள் ஓட்டின் எடை' என்று ஒன்றைக் காட்டும். நீங்கள் யாருக்குப் போட நினைக்கிறீர்களோ அந்தச் சின்னத்தைத் தொட்டால், உங்கள் ஓட்டால் முடிவு மாறுமா என்று சொல்லும். முக்காலியைத் தொட்டால் எடை பூஜ்யம். அதைப் பார்த்தவர் கையை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள அது பூஜ்யமாகவே இருக்கும். மெஷின் பொய் சொல்லவில்லை, பாவம்; அது சொல்வதை இவர்களே நிஜமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

தெருவில் எல்லாரையும்விட வாய் நீளம் மைமூன் அக்காவுக்குத்தான். இடியாப்பக் கடை வைத்திருக்கிறவள். இருபது வருஷமாக ஊதாக் கட்சியின் கிளை மகளிர் அணிச் செயலாளர். மறைத்துப் பேசத் தெரியாது.

"சகாயம், உன்மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. உன் மகளும் என் பேத்தியும் ஒண்ணாத்தான் கடக்குதுங்க. ஆனா முக்காலிக்குப் போடுறதுக்குப் பதிலா ஓட்டை உப்போடையில போடலாம்டி. பதினோரு ஓட்டு! நான் ஒருத்தி போட்டாப் பன்னெண்டு. பன்னெண்டு ஓட்டுக்குப் பாலம் வருமா?"

"எல்லாரும் போட்டா வரும்கா."

"எல்லாரும் போடுவாங்கன்னு யாரு கண்டா? நான் போட்டு அவ போடலைன்னா, இருக்கிற கட்சியும் என் கையை விட்டுப் போயிரும். பூவராகன் முகத்துல நான் முழிக்கணும்ல?" பூவராகன் அந்த வார்டின் ஊதாக் கவுன்சிலர். இரண்டு முறை ஜெயித்தவர். ஜெயித்த பிறகு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

சகாயராணி மிச்ச நோட்டீஸை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மைமூன் கேட்டதில் தப்பு இல்லை.

பிரச்சாரம் முடிகிற கடைசி நாள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வேலை முடிந்து அறுபது எழுபது பேர் அக்கரைத் திறப்பில் நின்றார்கள். மீன் மார்க்கெட்டில் இருந்து வருகிறவர்கள், மில் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் இடியாப்பக் கூடையோடு மைமூன். சகாயராணியும் டவுனில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். சொல்லி வைத்ததுபோல எல்லாரும் போனைப் பார்த்தார்கள். துலா கடைசிக் கணிப்பை விட்டிருந்தது. ஊதா 2,420. பச்சை 1,938. முக்காலி 11.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மில் பெண் மட்டும் மெதுவாக, "மன்னிச்சுக்க அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்தான் சகாயராணியை உடைத்துவிட்டது. இரண்டு மாதம் காலில் செருப்பு தேய நடந்தது இதற்காகவா என்று இருந்தது.

போன்கள் அணைந்தன. வளைவுக் கம்பத்தடியில் துண்டு உயர்ந்தது. அன்றைக்கு முறை சகாயராணியுடையது. அவள் கூப்பிடவில்லை.

"ஏய், துண்டு தூக்கியாச்சு! கூப்பிடு!" என்றாள் மைமூன்.

"மாட்டேன்."

"என்னடி, பைத்தியமா?"

"எனக்கு ஒண்ணு சொல்லுங்கக்கா. இப்ப நான் கூப்பிட்டா இறங்குவீங்கள்ல? இந்த எழுபது பேரும் வருவாங்கன்னு யாரு கண்டா? ஒருத்தி நடுவுல நின்னுட்டா உங்க உயிரு போகும். ஓட்டு இல்ல, உயிரு! எந்த மெஷினைக் கேட்டு இறங்குறீங்க?"

துண்டு கீழே இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு ஊமை வண்டி வந்து, எழுபது பேரின் முகத்திலும் காற்றை அடித்துவிட்டுப் போனது. நாற்பது பெட்டி. அது போய் முடியும்வரை ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

"செங்கமலம் ஒருத்திதான் தனியா இறங்கினா" என்றாள் சகாயராணி. "தனித்தனியாக் கணக்குப் போட்டா நாம பதினொண்ணுதான். தனித்தனியாக் கடந்தா நாம ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டோம். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியல."

மறுபடியும் துண்டு உயர்ந்தது. இந்தத் தடவை அவள் சத்தமாகக் கூப்பிட்டாள். "வா!"

எழுபது பேரும் இறங்கினார்கள். ஆறு தண்டவாளம், பதினாறு வினாடி. இக்கரையில் ஏறியதும் வழக்கம்போல எல்லாரும் போனை எடுக்கப் பைக்குள் கை விட்டார்கள்.

"எடுக்காதீங்க!" மைமூன் கூடையை இறக்கி வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "எவளும் அதைத் தொடக் கூடாது. நாளை மறுநாள் ஓட்டுப் போட்டுட்டு வர்ற வரைக்கும் அணைச்சது அணைச்சதாவே இருக்கட்டும். நம்மைப் பத்தி அதுக்குத் தெரிஞ்சது போதும். வீட்ல இருக்கிற ஆம்பளைங்களுக்கும், தெருவுல மிச்சம் இருக்கிறவங்களுக்கும் சொல்லுங்க. சகாயம், ஓட்டு அன்னிக்குக் காலைலயும் நீதான் கூப்பிடணும்."

அவ்வளவு சொன்னதும் சகாயராணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "விடுடி, இடியாப்பக் கூடையை மிதிக்காதே" என்று மைமூன் அதட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஓட்டுப் பதிவு அன்று காலை ஏழு மணிக்கு வேலித் திறப்பில் ஐந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள். சட்டப்படி அன்றைக்குச் சகாயராணி யாரிடமும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. பத்து வரிசையாகப் பிரித்து, பத்து முறை "வா" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச் சாவடி. உள்ளே போய் யார் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. மைமூன் ஊதாக் கட்சிப் பந்தலுக்குப் போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வேறு வந்தாள்.

எண்ணிக்கை அன்று கோதண்டபாணிதான் உள்ளே முகவர். சகாயராணி வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் மூச்சு விடக்கூட இல்லை, ஆட ஆரம்பித்துவிட்டார்.

"போச்சும்மா! டெபாசிட் போச்சு! பத்தாவது தடவையும் போச்சு!"

"ஐயோ, அதுக்கு எதுக்குங்க ஆடுறீங்க?"

"அறுநூத்துப் பதினெட்டு!"

பச்சை 1,889. ஊதா 1,864. முக்காலி 618. பூவராகன் இருபத்தைந்து ஓட்டில் தோற்றிருந்தார். பச்சைக் கட்சியின் ரேணுகாதேவி, தோற்பதற்கென்றே நிறுத்தப்பட்டவர், ஜெயித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மாலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். உப்போடைத் தெருவில் மட்டும் முக்காலிக்கு ஐந்நூற்று அறுபத்தொரு ஓட்டு. மிச்சம் ஐம்பத்தேழு மற்றத் தெருக்களில் விழுந்தவை. அதில் கோதண்டபாணியின் நாலு பேரைக் கழித்தால் ஐம்பத்து மூன்று பேர். அவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. எடை பூஜ்யம் என்று போன் சொன்ன பிறகும், யார் கூப்பிடவும் இல்லாமல், தனியாகப் போய் முக்காலியை அமுக்கியவர்கள். அவர்களை நினைத்துத்தான் சகாயராணி அன்று அதிகம் அழுதாள்.

தயாபரன் மத்தியானம் ஓடி வந்தான். "அக்கா, படத்தைப் பாருங்க!"

உப்போடைத் தெரு ஊதாவாக இல்லை. பச்சையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. கீழே 'கணிக்க இயலாது' என்று எழுதியிருந்தது.

"இப்படி ஒரு கலர் துலாவுல இருக்கிறதே எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் தெருவுலேருந்து ஒரு தகவலும் வரலையா, டவர் கோளாறுன்னு நினைச்சுப் பழைய கணக்கையே போட்டு நிரப்பிடுச்சு. காலைல ஓட்டு எண்ணிக்கை வந்ததும் தடுமாறிப் போச்சு. கட்சி ஆபீஸ்லேருந்து எங்க கம்பெனிக்கு போன் மேல போன். ஒரு உறுதித் தெரு இப்படிப் பண்ணும்னா, மத்த உறுதித் தெரு எதை நம்புறதுன்னு கேக்குறாங்க. மாநிலம் பூரா நாலாயிரத்துச் சொச்சம் உறுதித் தெரு இருக்கு. ஒவ்வொண்ணா சாம்பலாகிட்டு வருது."

"நல்லா ஆகட்டும்" என்றாள் மைமூன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அதிசயம் நடந்தது. அக்கரைத் திறப்பில் ரேணுகாதேவியும் அவருடைய ஆட்களும் மாலை வாடுவதற்கு முன்பே வந்து நின்றார்கள். ஐந்தாவது நிமிஷம் பூவராகனும் மாநகராட்சி என்ஜினீயரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எப்படிக் கடப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கண்முன்னே ஒரு ஊமை வண்டி சர்ரென்று போனதும் பூவராகன் என்ஜினீயரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

தெருவே இக்கரையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மைமூன் பத்துப் பேரோடு கடந்து போய் அவர்களை அழைத்துவர வேண்டியதாயிற்று.

"போனை அணைங்க. உள்ள வைங்க. கையைக் குடுங்க."

"மைமூன், நீயுமா..." என்று ஆரம்பித்தார் பூவராகன்.

"பேச்சு அப்புறம். கூப்பிட்டா நிக்காம வரணும். நின்னீங்கன்னா உங்களோட நாங்களும் சாவோம். புரியுதா?"

"வா!" என்று இக்கரையிலிருந்து சகாயராணியின் குரல் கேட்டது. பூவராகனும் ரேணுகாதேவியும் மைமூனுக்கு இரண்டு பக்கமும் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடியும் மூடாமலும் ஓடி வந்தார்கள். இக்கரை ஏறியதும் பூவராகன் ஜல்லியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதையா தினமும் செய்றீங்க?" என்று கேட்டார்.

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பதினோரு வருஷமா" என்றாள் சகாயராணி.

ரேணுகாதேவி என்ஜினீயரைப் பார்த்து, "இன்னிக்கே அளங்க" என்றார். "நான் எழுதிக் கொடுத்த வேலை, நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று பூவராகன் எழுந்தார். இரண்டு பேரும் யார் பெயரில் பாலம் என்று அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்கச் சகாயராணிக்கு நெஞ்சு நிறைந்து போனது. தன் தெருவுக்காக இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்வதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பெனிட்டா ஓடிப்போய் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் தூணுக்குக் குழி தோண்டினார்கள். துறைமுகக் கம்பெனியும், பாலம் முடிகிற வரைக்கும் வளைவில் வண்டி வேகத்தைப் பாதியாக்கிச் சைரன் வைப்பதாக ஒத்துக்கொண்டது. தோண்டுகிற சத்தத்தில் தெருவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கேட்காததைப் பற்றி யாரும் குறைப்படவும் இல்லை.

அன்று மத்தியானம் சகாயராணி ஜாக்கெட் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது நம்பர். எடுத்தால், தேன் தடவிய மாதிரி ஒரு பெண் குரல்.

"வணக்கம். துலாவிலிருந்து பேசுகிறேன். உங்கள் தெருவைப் பற்றி எங்களிடம் போதுமான விவரம் இல்லை. அதனால் நேரடியாகக் கேட்கிறோம். அடுத்த தேர்தலில் நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

சகாயராணி ஊசியைக் கீழே வைத்தாள். பத்து வருஷமாகத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காத மெஷின்! கேட்காமலே எல்லாம் தெரிந்துவைத்திருந்த மெஷின். எதிரே இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்த மைமூனை அவசரமாகக் கைகாட்டிக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். பிறகு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற எல்லாரிடமும் பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னாள்:

"உங்களுக்குத்தாங்க போடுவோம்."



"மன்னிக்கவும். நான் வேட்பாளர் இல்லை."

"அதுக்கென்னங்க? எங்க வீட்டு ஓட்டு மூணும் உங்களுக்குத்தான். கவலையே படாதீங்க."

மைமூன் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் அவள் கடையிலும் போன் அடிக்க, பக்கத்து வீட்டில் அடிக்க, எதிர் வீட்டில் அடிக்க, தெரு முழுக்க மணிச் சத்தம். பொழுது சாய்வதற்குள் துலா அறுநூற்று நாற்பது பேரையும் கூப்பிட்டு முடித்தது. அத்தனை பேரும் அதற்கு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.